பழைய பிக்கப்பைக் கொடுத்து அடுத்ததை வாங்கும்போது: வாசகர் கேள்வி – பதில்

என்னிடம் இருப்பது 2012 மாடல் பொலேரோ பிக்கப், பி.எஸ்.3 (பாரத் ஸ்டேஜ் 3 என்ற புகை மாசு வரம்பு). சந்தைக்குக் காய்கறி ஏற்றுகிறேன். இன்ஜின் ஆயில் குடிக்கிறது, எஃப்.சி.யும் (தகுதிச் சான்று) நெருங்குகிறது. இன்ஜின் வேலை பார்த்து ஓட்டலாமா, ஐந்தாறு வருட வண்டியாக மாற்றிவிடலாமா? மாற்றினால் பி.எஸ்.4-ஆ, பி.எஸ்.6-ஆ?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

ஆயில் குடிப்பது மட்டும்தான் குறை என்றால் அதற்காக வண்டியை மாற்ற வேண்டாம். உங்களுடையது மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் இன்ஜின். சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு), பிஸ்டன் செட், பேரிங் மாற்றுவதை ஒட்டன்சத்திரத்திலோ திண்டுக்கல்லிலோ நல்ல லேத் பட்டறையில் முடித்துவிடலாம். முடிவெடுக்க வேண்டிய இடம் வண்டிக்கு அடியில் இருக்கிறது. பின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டுகள், கேபினுக்கும் லோடு பாடிக்கும் நடுவே உள்ள சேஸ் (அடிச்சட்டம்) பகுதி, கேபின் தரை, இந்த மூன்றும் திடமாக இருந்தால் இன்ஜின் வேலை பார்ப்பது லாபம். சேஸில் ஏற்கெனவே ஒட்டு வெல்டிங் இருந்தால் அந்த வண்டியில் இனி ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

வயதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 8 வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. ஒரு வருடத்துக்குத்தான் கிடைக்கும். அதுவரை இரண்டு வருடம். 15 வயது தாண்டினால் எஃப்.சி. கட்டணம் பல மடங்காகிவிடும். ஆகவே இன்ஜின் செலவை மீதமுள்ள எல்லா வருடங்களுக்கும் பரப்பாமல், 15 வயது வரை எஞ்சியிருக்கும் வருடங்களுக்கு மட்டும் வகுத்துப் பாருங்கள்.

மாற்றுவது என்று தீர்மானித்தால் முதலில் தேதிகள். நாடு முழுவதும் பி.எஸ்.4 வந்தது 2017 ஏப்ரல் 1, பி.எஸ்.6 வந்தது 2020 ஏப்ரல் 1. பி.எஸ்.6-இன் இரண்டாம் கட்டம் 2023 ஏப்ரலில் தொடங்கியது. ‘2020 வண்டி’ என்று புரோக்கர் சொன்னதும் அது பி.எஸ்.6 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2020 ஜனவரி முதல் மார்ச் வரை பதிவானவற்றில் ஏராளமானவை பி.எஸ்.4. ஆர்.சி.யிலேயே எந்த பாரத் ஸ்டேஜ் என்று அச்சாகியிருக்கும், அதைத்தான் நம்ப வேண்டும்.

பி.எஸ்.4 இன்ஜின் காமன் ரயில் (உயர் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் அமைப்பு), கம்ப்யூட்டர் எல்லாம் உள்ளதுதான் என்றாலும், சிறு பிக்கப்புகளில் பெரும்பாலும் புகைக்குழாயில் கரி வடிகட்டி இருக்காது. பி.எஸ்.6-இல் மாடலைப் பொறுத்துக் கரி வடிகட்டி, ஆட்பிளூ (புகையைச் சுத்தமாக்கும் யூரியா திரவம்) தொட்டி, கூடுதல் சென்சார்கள் சேர்ந்துவிட்டன. உங்கள் லோடு தினமும் திருச்சி, சென்னை, கேரளம் என்று நெடுஞ்சாலையில் ஓடினால் தயங்காமல் பி.எஸ்.6 வாங்குங்கள். தோட்டத்திலிருந்து சந்தை, சந்தையிலிருந்து கடை என்று சுற்றும் வண்டிக்கு, பதிவுகள் நேராக உள்ள கடைசி வருட பி.எஸ்.4 போதும் (காரணம் அடுத்த பதிலில்). எதை வாங்கினாலும் ஒரு பழக்கத்தை விட வேண்டும். பழைய இன்ஜின் கேனிலும் டிரம்மிலும் வாங்கி ஊற்றிய டீசலைப் பொறுத்துக்கொண்டது. காமன் ரயிலில் டீசல் 1,000 பார் அழுத்தத்துக்கும் மேல் போகிறது. கொஞ்சம் தண்ணீர் புகுந்தாலே நான்கு இன்ஜெக்டரும் சேர்ந்து போய்விடும்.

20 லிட்டர் குடிநீர் கேன் சப்ளை செய்கிறேன். ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. பி.எஸ்.6 டீசல் வண்டியில் அடிக்கடி விளக்கு எரிந்து வண்டி இழுக்காமல் போகிறது என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், மதுரை

உண்மை, காரணமும் உண்டு. கரி வடிகட்டியில் சேரும் கரியை இன்ஜின் தானாகவே எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்குப் புகைக்குழாய் நன்றாகச் சூடாகி, அந்தச் சூடு சிறிது நேரம் நிலைத்திருக்க வேண்டும். உங்கள் ஓட்டத்தில் சூடாவதற்குள் சாவியைத் திருப்பி நிறுத்திவிடுவீர்கள். கரி எரியாமல் சேர்ந்துகொண்டே போகும்; ஒரு கட்டத்தில் கம்ப்யூட்டர் இன்ஜின் பலத்தைக் குறைத்துவிடும். விளக்கு எரிந்த அன்றே ரிங் ரோட்டில் ஒரே வேகத்தில், கியரை ஒன்று குறைத்து வைத்து, அரை மணி நேரம் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். பார்த்துக்கொள்ளலாம் என்று வாரக்கணக்கில் விட்டால் சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் மாட்டித்தான் எரிக்க வேண்டியிருக்கும், அதுவும் எடுபடாவிட்டால் வடிகட்டியையே மாற்ற வேண்டும்.

உங்கள் தொழிலுக்கு சி.என்.ஜி. அல்லது பெட்ரோல் சிறு வண்டிதான் பொருத்தம். சி.என்.ஜி. பழைய வண்டி என்றால் சிலிண்டரின் ஹைட்ரோ டெஸ்ட் (அழுத்தச் சோதனை) தேதியைப் பாருங்கள். 3 வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியது. தேதி முடிந்திருந்தால் அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள். சிலிண்டர் எடை போக எவ்வளவு ஏற்றலாம் என்பதையும் ஆர்.சி. எடையை வைத்துக் கணக்கிடுங்கள். நீங்கள் ஏற்றுவது தண்ணீர். 50 கேன் என்றால் 1 டன்.

வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாய் வைத்துத் தருகிறோம் என்று சில பட்டறைகள் சொல்கின்றன. அப்படிச் செய்த வண்டியை வாங்கவும் வேண்டாம், செய்யவும் வேண்டாம். சட்டப்படி தவறு. ஒருநாள் சோதனையில் நின்றால் மொத்த செட்டையும் புதிதாக வாங்கி மாட்டுவது உங்கள் தலையில் விழும்.

கன்சல்டிங்கில் (பழைய வண்டி விற்கும் இடம்) இரண்டு வண்டி பார்த்திருக்கிறேன். இரண்டும் பளபளவென்று இருக்கின்றன. மெக்கானிக்கைக் கூட்டிப் போகும் முன் நானே எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், திருவாரூர்

பளபளப்பைப் பார்த்து அசராதீர்கள். இன்ஜின், கியர் பாக்ஸ், டயர் எது கெட்டாலும் பணம் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். வளைந்த சேஸையும் சிக்கலான ஆர்.சி.யையும் எந்தப் பட்டறையும் சரிசெய்து தராது. அதனால் பார்வை கீழேயிருந்து தொடங்கட்டும்.

ஒரு பழைய சாக்கு, ஒரு டார்ச், ஒரு சின்னச் சுத்தியல் போதும். அடியில் படுத்து, கேபின் முடிந்து லோடு பாடி ஆரம்பிக்கும் இடத்தில் சேஸின் இரு பக்கமும் பாருங்கள். அதிக லோடு அடித்த வண்டி முதலில் வாய் பிளக்கும் இடம் அது. குறுக்குச் சட்டங்களின் ரிவெட் அசைந்திருந்தால் அதைச் சுற்றித் துரு பொடியாக வழிந்திருக்கும். பட்டை தாங்கும் பிராக்கெட்டில் வெல்டிங் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஐந்து வருடம் ஓடிய வண்டியின் அடிப்பக்கம் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட்டோடு இருந்தால், மறைக்க அங்கே ஏதோ இருக்கிறது. சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உள்ளே அரித்தது சத்தென்று அடங்கிவிடும்.

உங்கள் பக்கத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. நாகப்பட்டினம், ராமேஸ்வரம் பகுதிகளில் மீன் ஏற்றிய வண்டிகளும், தூத்துக்குடியில் உப்பு ஏற்றியவையும் பெயின்ட் அடித்து உள்மாவட்டங்களுக்கு விற்பனைக்கு வருகின்றன. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் லோடு பாடியின் தரையிலிருந்து சேஸின் உள்பக்கம் இறங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. பின் லைட் கனெக்டரைக் கழற்றுங்கள். செம்பு பச்சை பூத்திருந்தால் அது மீன் வண்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பிரேக் எண்ணெய் போகும் இரும்புக் குழாய்களையும் தடவிப் பாருங்கள். அப்படிப்பட்ட வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அடுத்தது பின்னால் பத்தடி தள்ளி நின்று பார்ப்பது. கேபினுக்கும் லோடு பாடிக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா? பாடி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? இடது, வலது பட்டைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா? முன் டயர்களில் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கோளாறாகவும் இருக்கலாம், ஜாயின்ட் ஆட்டமாகவும் இருக்கலாம். ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் கைக்குத் தெரிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-இன் 23-ஆவது வாரம் தயாரானது. பின்னால் ரீபட்டன் (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டிய) டயர் போட்டிருந்தால் அதற்கும் விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். முன்கூட்டியே சொல்லாமல் காலையில் போய், பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்கவே முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். சாவியை ஆன் செய்ததும் மீட்டரில் இன்ஜின் செக் லைட் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆன் செய்யும்போது எரியவே இல்லை என்றால் விளக்கைத் துண்டித்திருக்கிறார்கள். எரிவதைவிட அது மோசம். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வருவது இயல்பு. குபுகுபுவென்று காற்றோடு புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் போய்விட்டது. புகைக்குழாயில் நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். கறுப்பு என்றால் காற்று வடிகட்டி, டர்போ பைப், இன்ஜெக்டர் மூன்றில் ஒன்று. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள் (இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது).

ஓட்டிப் பார்க்கும்போது வெறும் வண்டியாக ஓட்டாதீர்கள். பத்து சிமென்ட் மூட்டையாவது, அதாவது 500 கிலோ, ஏற்றி ஓட்டக் கேளுங்கள். நான்காவது கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கிளம்பும்போது ‘டக்’ என்று ஒரு அடி விழுந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் கிராஸ், அல்லது கிரவுனில் (பின் ஆக்ஸில் பற்சக்கரம்) ஆட்டம். ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போதும் விடும்போதும் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் மாறி மாறி வந்தால் அது நிச்சயம் கிரவுன் பினியன்; செலவு பெரிது. இரண்டாவது கியரில் இறக்கத்தில் காலை எடுத்ததும் கியர் தானாக வெளியே வந்தால் கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் மெக்கானிக். அவரிடம் முக்கியமாகக் கேட்க வேண்டியவை இரண்டு: ஸ்கேனர் மாட்டிப் பதிவான, நிலுவையிலுள்ள கோளாறுகளைப் பார்ப்பது, நான்கு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனி பாட்டிலில் பிடித்து அளவை ஒப்பிடுவது. ஒன்றில் மட்டும் அதிகம் வந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது.

கிலோமீட்டர் மீட்டரைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறோம்: அதை நம்ப வேண்டாம். சேஸ் எண்ணைக் கொடுத்து அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் பதிவுகளைக் கேளுங்கள்.

ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். இப்போதைய வண்டி சிறியது, 1.7 டன் ஏற்றக்கூடிய பிக்கப்பாக வாங்க நினைக்கிறேன். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?
– வாசகர், கள்ளக்குறிச்சி

கவனிக்க வேண்டியது பெர்மிட். மொத்த எடை, அதாவது வண்டியும் சரக்கும் சேர்ந்து, 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 66-ஆவது பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை. அதனால்தான் பல பிக்கப்புகள் 2,990 என்று எடை போட்டு வருகின்றன. 1.7 டன் வகை அந்தக் கோட்டைத் தாண்டும். சொந்தக் கடைச் சரக்குதானே என்று விட முடியாது; பெர்மிட் எடுக்க வேண்டும். வாங்கும் வண்டிக்கு ஏற்கெனவே பெர்மிட் இருந்தால் அதையும் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும்.

1.7 டன் என்று பெயரில் இருப்பதும் ஏற்றக்கூடியதும் ஒன்றல்ல. ஆர்.சி.யில் மொத்த எடையும் வெற்று எடையும் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, அதிலிருந்து டிரைவர், கிளீனருக்கு 150 கிலோ விடுங்கள். முந்தைய ஓனர் கனமான இரும்புப் பாடி கட்டியிருந்தால் ஆர்.சி.யில் உள்ள வெற்று எடை தப்பு. எடை மேடையில் வெறும் வண்டியை ஒருமுறை நிறுத்தி எடை போட்டுவிடுங்கள், செலவு அற்பம். 1,700 கிலோ உண்மையாகவே கிடைத்தால் 34 மூட்டை சிமென்ட். எம்-சாண்ட் ‘அரை யூனிட்’ என்பது 50 கன அடி. அதுவே 2 டன்னுக்கு மேல். சட்டப்படி எந்த பிக்கப்பிலும் அது அடங்காது. அதிக எடைக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000.

வண்டி வாங்கியதும் கூடுதல் பட்டை போடும் வழக்கம் உங்கள் பக்கத்தில் உண்டு. பட்டை கூடுவதால் சேஸ், ஆக்ஸில், பிரேக்கின் பலம் கூடிவிடாது. முதலில் பிராக்கெட் போகும், பிறகு ஆக்ஸில் ஹவுசிங்.

கம்பி ஏற்றுவீர்கள் என்பதால் பாடியின் உள்நீளத்தை டேப் வைத்து அளந்து வாங்குங்கள். தரையிலிருந்து பாடித் தளம் எவ்வளவு உயரம் என்பதும் உங்கள் கடைத் திண்ணைக்குப் பொருந்த வேண்டும்.

பேட்ஜ் (வாடகை, சரக்கு வண்டி ஓட்டும் தனி அனுமதி) இல்லாத சாதாரண கார் லைசென்ஸ் வைத்து பிக்கப் ஓட்டலாமா?
– வாசகர், தேனி

ஓட்டலாம். 7,500 கிலோ மொத்த எடைக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் போதும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது.

கர்நாடகப் பதிவு வண்டி ஒன்று விலை குறைவாக வருகிறது. வாங்கலாமா? பேப்பர் விஷயத்தில் என்னென்ன வேண்டும்?
– வாசகர், ஓசூர்

விலை வித்தியாசத்தை, இங்கே கட்ட வேண்டிய வரியோடும் மறுபதிவுச் செலவோடும் அலைச்சலோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மிச்சம் எதுவும் தேறாது. உள்ளூர்ப் பதிவில் நல்ல வண்டி கிடைக்காவிட்டால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி, புகைச் சான்று தேதிகளையும், கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இ-சலான் பாக்கியைத் தனியாகப் பாருங்கள். நிலுவை இருந்தால் பெயர் மாற்றம் சிக்கிக்கொள்ளும். சேஸில் பொறித்த 17 எழுத்து எண்ணை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி அரம் தேய்த்த அடையாளமோ, எழுத்துகள் வரிசை பிசகியோ இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

படிவங்கள்: பெயர் மாற்றத்துக்கு 29, 30. ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால் அதை நீக்க 35-உம் அந்தக் கம்பெனியின் என்.ஓ.சி.யும். வெளிமாநிலத்திலிருந்து கொண்டுவர 28. ‘கடன் முடிந்துவிட்டது, கடிதம் பின்னாலேயே வரும்’ என்றால் பாதிப் பணத்தை நிறுத்திவையுங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

பழைய வண்டியைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டேன். படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார், யாருக்கு விற்பார் என்று தெரியாது. பிரச்சினை வருமா?
– வாசகர், பெரம்பலூர்

வரும். ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து வழக்கில் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கை மாறி மாறி நான்காவது ஆளிடம் வண்டி இருந்தாலும் நஷ்டஈட்டு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும், அதுவும் இன்சூரன்ஸ் காலாவதியான பிறகு நடந்த விபத்து என்றால் முழுத் தொகைக்கும் நீங்கள்தான்.

இன்றே அந்தப் புரோக்கரிடம் போய், வண்டி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். வாங்கியவரின் ஆதார் நகலோடு 29-ஆம் படிவத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புதல் முத்திரை பெற்ற நகலை வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் விற்கவில்லை என்றால் புரோக்கர் பெயரிலேயே தேதியும் நேரமும் போட்டு டெலிவரி நோட் எழுதி வாங்குங்கள். பெயர் மாறியதா என்று வாரம் ஒருமுறை செயலியில் பாருங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது ஊரில் சகஜமாகிவிட்டது. சகஜம் என்பதால் ஆபத்து குறையவில்லை.

இன்சூரன்ஸில் எனக்குச் சேர்ந்திருக்கும் நோ கிளைம் போனஸ் பழைய வண்டியோடு போய்விடுமா?
– வாசகர், அரக்கோணம்

போகாது, அது உங்களுடையது. பழைய வண்டியை விற்றதற்கான சான்றைக் காட்டி, இன்சூரன்ஸ் கம்பெனியிடம் போனஸ் கடிதம் வாங்குங்கள். அதே வகை வண்டிக்கு 3 வருடம் வரை பயன்படும். இதன் மறுபக்கம்: நீங்கள் வாங்கும் வண்டியின் பாலிசியில் விற்றவரின் போனஸ் இருந்தால் அது உங்களுக்கு வராது, வித்தியாசத் தொகையைக் கட்ட வேண்டும். ஃபாஸ்டேக்கை உரித்துப் புது வண்டியில் ஒட்டக் கூடாது. பழையதை முடித்து மீதியைத் திரும்பப் பெற்று, புதிதாக வாங்குங்கள்.

வண்டி வாங்கியாயிற்று. லோடு ஏற்றும் முன் என்னென்ன மாற்றிவிட வேண்டும்?
– வாசகர், பொள்ளாச்சி

விற்றவர் ‘இப்போதுதான் ஆயில் மாற்றினேன்’ என்று சொன்னாலும் எல்லாவற்றையும் ஒருமுறை மாற்றுங்கள். அன்றிலிருந்து கணக்கு உங்களுடையது. இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் ஒன்றாக. பி.எஸ்.6 வண்டிக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் போட வேண்டும். கையேட்டில் உள்ள தரத்தை டப்பாவில் பார்த்து வாங்குங்கள். பழைய வண்டிக்கு வாங்கி மீந்த ஆயிலை இதில் ஊற்றினால் கரி வடிகட்டி அடைபடும்.

டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை திறந்து, சுத்தமான டீசல் வரும்வரை வடியுங்கள். கியர் பாக்ஸ், கிரவுன் ஆயிலை வடிக்கும்போது திருகில் ஒட்டிய இரும்புத் துகளைப் பாருங்கள். பொடியாக இருந்தால் தேய்மானம். செதிலாக இருந்தால் பல் உடைகிறது. பிரேக் எண்ணெயை முழுதாக மாற்றுங்கள். வால்பாறை மாதிரி இறக்கத்தில் லோடோடு தொடர்ந்து பிரேக் பிடித்தால், பழைய எண்ணெயில் சேர்ந்த ஈரம் கொதித்து மிதி உள்ளே போய்விடும். கூலன்ட்டை வடித்துவிட்டுச் சரிபாதி கலவையாக ஊற்றுங்கள், வெறும் குழாய்த் தண்ணீர் வேண்டாம். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால், மாற்றியதற்குப் பில் இல்லாதவரை மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும்.

நீல மூடி போட்ட ஆட்பிளூ தொட்டி இருந்தால் கிளீனருக்கும் தோட்டத்து ஆட்களுக்கும் காட்டிச் சொல்லிவிடுங்கள். அதில் டீசல் ஊற்றிவிட்டால் சாவியைப் போடவே கூடாது. தொட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும். சாவி போட்டால் பம்ப் இழுத்து மொத்த அமைப்பும் கெடும். உரக்கடை யூரியாவைக் கரைத்து ஊற்றும் யோசனையும் வேண்டாம். 32.5 சதவீதம் சுத்த யூரியா கலந்த திரவம்தான் அதற்கு, ஐ.எஸ்.ஓ. 22241 என்று டப்பாவில் இருக்கும்.

முதல் லோடு ஏற்றி 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட், யூ போல்ட் இரண்டையும் மறுபடி இறுக்குங்கள். முதல் வாரம் பாதி லோடுக்கு மேல் வேண்டாம். தேங்காய் சீசன் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே வாங்கிவிட்டால் இதற்கு நேரம் கிடைக்கும்.